உழவுக் குதிரைகளுக்கும் முதல் குடியேறிகளுக்கும் ஒரு சுவர்: சிற்றூர்ச் சுவரோவியம் அமைக்க முழுமையான வழிகாட்டி

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிச் சிற்றூர்களுக்குள் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இரும்புச் சாமான் கடை ஒன்றின் பக்கச் சுவர். அதில் கனத்த குதிரைகள் இரண்டு தலை தாழ்த்தி இழுக்கின்றன. பின்னால் ஒரு மனிதர் கலப்பையின் கைப்பிடிகளை அழுத்திப் பிடித்திருக்கிறார். தொலைவில் புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு, அதன் வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. ஊர் எப்படித் தொடங்கியது என்பதைப் பெட்ரோல் போட நிற்கிறவர்கூட அந்தச் சுவரில் படித்துவிட்டுப் போகலாம்.

இப்படிப்பட்ட மூன்று சுவர்களில் நான் வேலை செய்திருக்கிறேன். முதல் சுவரில் தூரிகை கழுவினேன், இரண்டாவதில் குதிரைகளை வரைந்தேன், மூன்றாவதில் முழுப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. எங்களைப் போல நேற்று வந்தவர்களையும் இன்று ஊர்க்குழுக்களில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். அப்படி உட்காரப் போகும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. குதிரையின் தோளில் ஒரு வார் தவறான இடத்தில் விழுந்தால், அந்த வாரைத் தன் கையால் பூட்டிய ஒரு பெரியவர் ஊரில் இன்னும் இருப்பார். அவர் நம்பாத சுவரை ஊரும் நம்பாது.

இதற்கு முன் செய்தவர்கள்

மூன்று ஊர்களைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. முதலாவது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வான்கூவர் தீவில் உள்ள செமேனஸ். மர ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1982-ல் அங்கே முதல் சுவரோவியங்கள் வந்தன. 1983-ல் ஆலை மூடப்பட்டது. இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய கார்ல் ஷூட்ஸ், ருமேனியாவின் மால்டாவியப் பகுதியில் மடாலயங்களின் வெளிச்சுவர் ஓவியங்களைப் பார்த்து அந்த எண்ணத்தைப் பெற்றவர். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. நடைபாதையில் போட்டிருக்கும் மஞ்சள் காலடித் தடங்களைப் பின்பற்றிப் போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஓவியம்தான் அந்த ஊரைக் காப்பாற்றியது என்று பலரும் சொல்வார்கள். 1985-ல் குறைந்த ஆட்களோடு புதிய ஆலை ஒன்றும் திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஊர்க்குழுவில் யாராவது சுவரோவியத்தால் மட்டுமே கடைகள் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டால் இதை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ரோலண்ட் மலையடியில் இருக்கும் ஷெஃபீல்டு. செமேனஸைப் பார்த்து 1986 டிசம்பரில் அங்கே முதல் ஓவியம் வந்தது. மூன்றாவது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டாப்பனிஷ். நம் பொருளுக்கு மிக நெருக்கமான ஊர் இதுதான். 1989 ஜூனில் ஓவியர்கள் பலர் ஒன்றுகூடி, பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே நாளில் ஒரு சுவரை வரைந்து முடித்தார்கள். குடியேறிகள் புதர் நிலத்தைத் திருத்தியதுதான் அதன் காட்சி. இப்போது எழுபதுக்கும் அதிகமான சுவர்கள் அங்கே இருக்கின்றன. 'ஒரே நாளில்' என்பதைக் கேட்டு ஏமாற வேண்டாம். தூரிகைதான் ஒரு நாள் ஓடுகிறது. ஆய்வும் வரைவும் சுவர் வேலையும் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

முதல் படி: ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

'நம் முன்னோரின் உழைப்பு' என்று தலைப்பை வைத்துக்கொண்டு வரையத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் ஒரு மூலையில் ரயில், ஒரு மூலையில் தேவாலயம், நடுவே குதிரை, மேலே சூரியோதயம் என்று வாழ்த்து அட்டை ஒன்று வந்து நிற்கும். குழுவினரை உட்கார வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன வேலை? 'மே மாதம், புதுநிலம் உடைக்கும் முதல் உழவு' என்று பதில் வந்தால் போதும். புல்லின் நிறம், வெயிலின் சாய்வு, உடையின் கனம், குதிரையின் மேல் ஈக்களைத் தடுக்கும் வலை இருக்க வேண்டுமா என்பது எல்லாம் அதிலிருந்து தானே வந்துவிடும்.

ஆண்டு முடிவானதும் அடுத்த கேள்வி: அன்று இழுத்தது குதிரைதானா? புல்வெளியில் முதல் உழவைப் பல குடும்பங்கள் எருதுகளைக் கொண்டே செய்தன. எருது விலை குறைவு. மேய்ந்த புல்லிலேயே வேலை செய்யும். கடும் வேலை செய்யும் குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும். முதல் ஆண்டு வந்தவரிடம் ஓட்ஸ் விளைந்த நிலம் ஏது? ஆகவே சில ஊர்களுக்கு முதல் ஆண்டு எருதும் நான்காம் ஆண்டு குதிரையும் என்பதே உண்மையான வரிசை. ரஷ்யாவிலிருந்து 1899-ல் டூகபோர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டு எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் ஒன்று உண்டு: தலையில் துணி கட்டிய பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கயிற்றையும் கம்பையும் பிடித்துக் கலப்பையை இழுத்துப் போகிறார்கள். ஆண்கள் பலர் கூலி வேலைக்கு வெளியே போயிருந்தார்கள், கால்நடைகளோ போதவில்லை. குதிரை அந்த மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதைக் குதிரையே இல்லாத இந்தப் படம் சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் படி: அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளுகிற குழுக்கள் வரைந்த பிறகு தவிக்கின்றன. 1872-ல் கனடா கொண்டுவந்த நிலச் சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தில் ஒரு பகுதியை உழுது காட்டினால் பட்டா. பத்து டாலருக்கு அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சுவர் பதில் வைத்திருக்க வேண்டும். புல்வெளி மாகாணங்களில் ஒன்றான சஸ்காட்சவானின் தெற்கில் பெரும்பகுதி, முதற்குடியினரும் பிரிட்டிஷ் அரசும் 1874-ல் செய்துகொண்ட நான்காம் உடன்படிக்கைக்கு உட்பட்டது; அதற்கு வடக்கே 1876-ன் ஆறாம் உடன்படிக்கை. 1880-களில் காட்டெருமை மந்தைகள் அநேகமாக அழிந்துவிட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த மக்கள் பட்டினியில் விழுந்தார்கள்.

குதிரையையும் கருவிகளையும் பற்றிய சுவர் என்பதால் இன்னொன்றையும் குழு தெரிந்துகொள்ள வேண்டும். ஒதுக்கிடங்களில், அதாவது உடன்படிக்கைப்படி அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களில், வாழ்ந்த முதற்குடியினரும் விவசாயம் செய்தார்கள். சில இடங்களில் நன்றாகவே செய்தார்கள். 1889 முதல் 1897 வரை அரசு கடைப்பிடித்த கொள்கை, அவர்கள் அறுவடை இயந்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்து, கையரிவாளும் மண்வெட்டியும் போதும் என்றது. வேலிக்கு இந்தப் பக்கம் குதிரைகள் அறுவடை இயந்திரத்தை இழுத்த காலத்தில் அந்தப் பக்கம் குனிந்து கையால் அறுக்க வைத்தார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வரைவு தொடங்கும் முன்பே பக்கத்து முதற்குடியினர் ஒதுக்கிடத்தின் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பேசுங்கள். முடிந்த வரைவைக் காட்டி ஒப்புதல் கேட்பது வேறு, தொடக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பது வேறு. அவர்கள் தங்கள் ஓவியரைக் கொண்டு ஒரு பகுதியை வரையலாம். தனிச் சுவர் கேட்கலாம். சேர விரும்பவில்லை என்றும் சொல்லலாம். எந்தப் பதிலையும் மதித்து நடந்துகொள்ளுங்கள். அடிவானத்தில் இறகுத் தலைப்பாகையோடு பெயரில்லாத ஓர் உருவத்தை நிறுத்திக் கடமை முடிந்தது என்று நினைப்பதைவிட, வரையாமல் விடுவது மேல். டாப்பனிஷ் ஊரே யாக்கமா மக்களின் ஒதுக்கிடத்துக்குள்தான் இருக்கிறது. 1855 உடன்படிக்கையைப் பேசாமல் அங்கே குடியேறிகளின் கதையைச் சொல்ல முடியாது. செமேனஸின் சுவர்களில் முதற்குடியினரும் இருக்கிறார்கள், 1942-ல் கட்டாயமாக வெளியேற்றப்பட்ட ஜப்பானியக் கனடியர்களின் வாழ்க்கையும் இருக்கிறது.

மூன்றாம் படி: சான்றுகளைத் திரட்டுங்கள்

முதலில் ஊர் நூலகம். சஸ்காட்சவான் மாகாணமானதன் 75-ஆம் ஆண்டு 1980-ல் வந்தபோது பல ஊர்கள் தங்கள் குடும்பங்களின் வரலாற்றைத் தடித்த புத்தகங்களாக அச்சிட்டன. எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு வீடு எரிந்தது, எந்தக் குதிரை பனிப்புயலில் வழி கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தது என்பது போன்ற செய்திகள் அவற்றில் கிடைக்கும். பிறகு மாகாண ஆவணக் காப்பகம். பிறகு வீட்டு ஆல்பங்கள்; சமூகக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்கேனர் வைத்து, தேநீரும் பலகாரமும் தந்தால் ஊரே கொண்டுவந்து கொட்டும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர்கள் அங்கேதான் இருக்கும். கனடாவில் 1949-க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை முடிந்துவிட்டது; ஆனாலும் குடும்பத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குவதே மரியாதை.

கருவிகளை நேரில் பார்க்க சஸ்காட்சவானில் மேற்கத்திய வளர்ச்சி அருங்காட்சியகத்தின் நான்கு கிளைகள் இருக்கின்றன: மூஸ் ஜா, நார்த் பேட்டில்ஃபோர்டு, சஸ்கட்டூன், யார்க்டன். ஆல்பர்ட்டாவில் லாங்வியூ அருகே பார் யூ பண்ணை தேசிய வரலாற்றுத் தலமாக இருக்கிறது. ஜார்ஜ் லேன் அங்கே பெரிய அளவில் பெர்ஷெரான் என்ற இழுவைக் குதிரை இனத்தை வளர்த்தவர்.

பழைய படங்களில் ஒரு கண்ணி உண்டு. கண்ணாடி நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்டால் இடம் வலமாகிவிடும், பார்ப்பவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளை எப்போதும் கையாளுகிறேன். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். கலப்பை பெரும்பாலும் மண்ணை உழுபவரின் வலப்பக்கம் புரட்டும். உழாத புல் இடப்பக்கம் இருக்கும். இரண்டும் தலைகீழாக இருந்தால் படத்தைத் திருப்பிப் போடுங்கள்.

நான்காம் படி: குதிரையைப் படியுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். பெரும்பாலான சுவர்கள் இங்கேதான் தோற்கின்றன. சவாரிக் குதிரையைக் கொஞ்சம் பருமனாக வரைந்து உழவுக் குதிரை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அளவிலிருந்து தொடங்கலாம். குதிரையின் உயரத்தைத் தோள்முகட்டில் அளப்பார்கள், 'கை' கணக்கில். ஒரு கை நான்கு அங்குலம். பதினேழு கை உயரக் குதிரையின் தோள்முகடு 173 சென்டிமீட்டர். அதாவது நடுத்தர உயர மனிதர் பக்கத்தில் நின்றால் அவருடைய உச்சந்தலையும் குதிரையின் தோளும் ஏறத்தாழ ஒரே மட்டம். எடை 800 கிலோவுக்கு மேல் போகும். எல்லாக் குடியேறிகளிடமும் இத்தனை பெரிய குதிரை இருந்ததில்லை. கலப்பினமும் சிறியதுமாகக் கிடைத்ததை வாங்கினார்கள். குடும்பப் படத்தில் இருக்கும் குதிரை ஒல்லியாக இருந்தால் ஒல்லியாகவே வரையுங்கள்.

இனத்துக்கு இனம் அடையாளம் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேலுக்குப் பழுப்பு உடல், நெற்றியில் அகன்ற வெள்ளை, கணுக்காலில் பட்டுக் குஞ்சம் போலத் தொங்கும் மயிர். பிரான்சின் பெர்ஷெரான் சாம்பல் அல்லது கறுப்பு. கணுக்கால் மயிர் குறைவு. சாம்பல் குதிரை குட்டியில் கருமையாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கும், ஆகவே வெள்ளையாகத் தெரியும் பெர்ஷெரான் வயதானது. செம்பட்டை உடலும் வெளிர்மஞ்சள் பிடரியும் கொண்ட பெல்ஜியக் குதிரையை இன்று கண்காட்சிகளில் பார்த்துவிட்டு 1905-ஆம் ஆண்டுச் சுவரில் வரைகிறார்கள். அன்றைய பெல்ஜியக் குதிரைகளில் பழுப்பும் கலப்பு நிறமும் மிகுதி. அந்த ஒரே சீரான பொன்னிறம் பின்னாளில் தேர்ந்து வளர்த்ததால் வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கூரம்பாட் என்ற சிற்றூரின் தானியக் கோபுரத்தில் டிவேட் என்ற ஓவியர் வரைந்த மூன்று கிளைட்ஸ்டேல்களைப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் வாழ்ந்த குதிரைகளையே பார்த்து வரைந்தவை அவை. மூன்றும் மூன்று முகம்.

இனி பூட்டு. நம் ஊர் ஏரில் நுகத்தடி காளையின் திமிலுக்கு முன்னால் கழுத்தில் அமர்கிறது. காளை அதைத் தள்ளுகிறது. குதிரைக்குத் திமில் இல்லை. அதன் பலம் தோளில். அதனால் வைக்கோல் திணித்த தோல் காலர் ஒன்றைத் தோளோடு ஒட்டி மாட்டுவார்கள். காலரின் விளிம்புப் பள்ளத்தில் மரத்தாலோ இரும்பாலோ ஆன இரண்டு வளைந்த கட்டைகளை வைத்து இறுக்குவார்கள். அவற்றுக்கு ஹேம்ஸ் என்று பெயர். இழுவார்கள் அந்த ஹேம்ஸிலிருந்து புறப்பட்டு விலாவை ஒட்டிப் பின்னால் போய், காலுக்குப் பின்னே தொங்கும் குறுக்குக்கட்டையின் இரு முனைகளில் மாட்டிக்கொள்ளும். இரண்டு குதிரைகளின் குறுக்குக்கட்டைகளும் ஒரு பெரிய கட்டையில் சேரும். கலப்பை அந்தக் கட்டையின் நடுவில்.

இரண்டாவது சுவரின் வரைவை நூலகத்தில் மாட்டியிருந்தோம். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலைக் குதிரையின் தோளில் வைத்தார். இழுவாரை நான் காலரின் தோலிலேயே மாட்டியிருந்தேன். அப்படி இழுத்தால் அரை மணியில் தோல் கிழிந்துவிடும் என்றார், அவ்வளவுதான். மறுநாள் அவருடைய மகள் காரில் ஒரு காலரைக் கொண்டுவந்தார். தூக்கிப் பார்த்தால் பச்சைக் குழந்தையின் கனம். வெளித்தோல் வெடித்திருந்தது, உட்பக்கம் வியர்வையில் கறுத்து, கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது, ஓரிடத்தில் மட்டும் புதுத் தோல் ஒட்டுப் போட்டிருந்தது. காலரின் அடியில் குதிரையின் தொண்டைக்கும் தோலுக்கும் இடையே மனிதக் கை தட்டையாக நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைக்கும் என்று பெரியவர் என் கையை உள்ளே விட்டுக் காட்டினார். ஒரு குதிரையின் காலரை இன்னொன்றுக்கு மாட்ட மாட்டார்களாம். செருப்பைப்போல அது அவரவருக்கு. அந்தச் சுவரில் குதிரையின் காலரில் ஒட்டுப் போட்ட இடமும் இருக்கிறது.

இழுக்கும் குதிரையின் உடல்மொழி வேறு. பாய்ந்தோடும் குதிரையை ஏரில் பூட்டி வரைந்தவர்கள் உண்டு. உழவு நடையில் நடப்பது, ஓட்டத்துக்கு அங்கே இடமில்லை. தலையும் கழுத்தும் தாழும், பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் ஆழ ஊன்றும், உடல் முன்னே சாயும். ஹேம்ஸிலிருந்து குறுக்குக்கட்டை வரை இழுவார் ஒரே நேர்கோடு. அது தொய்ந்திருந்தால் குதிரை சும்மா நிற்கிறது என்று பொருள். வலப்பக்கக் குதிரை முன் சாலில் நடக்கும், ஆகவே மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தெரியும். புதுநிலத்தை முதன்முறை உடைக்கும்போது உழவின் ஆழம் பத்து சென்டிமீட்டருக்குள்தான், தாழ்வும் அவ்வளவே. புரண்ட புல்தரை பொடியாகாமல் நாடாபோல நீளமாக விழும். அந்த நாடாவை வெட்டித்தான் புல்மண் வீட்டுச் சுவரை அடுக்கினார்கள். உழவரின் இரு கைகளும் கலப்பையில் இருப்பதால் கடிவாள வார்களை முடிச்சிட்டு முதுகைச் சுற்றிப் போட்டிருப்பார். அவர் களைத்திருக்க வேண்டும்: ஓர் அடி அகலச் சாலாக ஒரு ஏக்கர் உழ, பதின்மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வரைவை ஊர் முன் வையுங்கள்

வண்ண வரைவை நூலகத்திலோ கூட்டுறவுக் கடையிலோ இரண்டு வாரம் மாட்டுங்கள். பக்கத்தில் பென்சிலும் ஒட்டுத்தாள்களும் வையுங்கள். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதீர்கள், 'எது தவறு?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பாராட்டு கிடைக்கும், இரண்டாவதற்கே காலர் கிடைக்கும்.

ஆறாம் படி: சுவரா, பலகையா?

வடகோளத்தில் தெற்குப் பார்த்த சுவரில் வெயில் நிறங்களைத் தின்னும். வடக்குச் சுவரில் நிறம் நிலைக்கும், ஆனால் ஈரம் காயாது. கிழக்குச் சுவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, மேற்கூரையின் தண்ணீர் வழிகிறதா, அடியில் ஈரம் ஏறுகிறதா என்று மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாட்கள் ஆறட்டும். பழைய பெயிண்ட் இருந்தால் ஈயம் உண்டா என்று சோதிக்காமல் சுரண்டாதீர்கள்.

இதுவரை வண்ணமே பூசப்படாத பழைய செங்கல் சுவர் என்றால் நேரடியாக வரைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செங்கல் மூச்சு விடும். அதன்மேல் அக்ரிலிக் படலம் போட்டு அடைத்தால் உள்ளே தங்கும் ஈரம் பனிக்காலத்தில் உறைந்து, செங்கலின் முகத்தையே பிய்த்து எறியும். 1878-ல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் உருவாக்கிய சிலிக்கேட் வண்ணங்கள் ஈரத்தை வெளியே விடும். ஆனால் விலை அதிகம், பழகவும் நாளாகும். சிற்றூருக்கு எளிய வழி, இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த கூட்டுத் தகடுகள். குளிர்காலத்தில் சமூகக் கூடத்துக்குள் வரைந்து, கோடையில் மாட்டலாம். கட்டடம் கைமாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். 12 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் உயரத்துக்கு 2.4-க்கு 1.2 மீட்டர் தகடுகள் பதினைந்து போதும். உறைகுளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 75 டிகிரி வித்தியாசம் உள்ள இடத்தில் 2.4 மீட்டர் தகடு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். ஆகவே தகடுகளுக்கு இடையே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியும், திருகுத் துளைகளில் தளர்வும் விடுங்கள். அந்த இடைவெளி குதிரையின் கண்ணிலோ மனிதரின் முகத்திலோ விழாதபடி வரைவை முன்கூட்டியே நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: காகிதங்கள்

கட்டட உரிமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: எத்தனை ஆண்டுகள், யார் பழுது பார்ப்பது, கட்டடம் விற்றால் என்ன, அகற்றுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. ஓவியரோடு தனி ஒப்பந்தம். கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியருக்குத் தன் படைப்பின் மீது தார்மிக உரிமை, அதாவது அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தருகிறது. நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை 2013-ல் ஒரே இரவில் வெள்ளையடித்த உரிமையாளர் 67.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2018-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவுக் கணக்கில் சாரம், காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் மறந்துவிடுவார்கள். மொத்தத் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்ட பிறகே பெயிண்ட் வாங்குங்கள்.

எட்டாம் படி: வரைதல்

வரைவை இருபதுக்கு ஒன்று என்ற அளவில் போடுங்கள். 12 மீட்டர் சுவர் 60 சென்டிமீட்டர் தாளாகும். தாளில் மூன்று சென்டிமீட்டர் கட்டங்கள், சுவரில் அறுபது சென்டிமீட்டர் கட்டங்கள். மொத்தம் 120 கட்டம். புரொஜெக்டர் இருந்தாலும் கட்டம் போடுவதையே விரும்புகிறேன். கட்டம் கட்டமாக வரையும்போது கை குதிரையைப் படிக்கிறது. முகங்களுக்கும் பூட்டுக்கும் மட்டும் முழு அளவில் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சால் தட்டிச் சுவரில் இறக்குங்கள். நம் கோலப்பொடி அச்சைப் போன்றதே.

இரவிலும் பத்து டிகிரிக்குக் கீழே போகாத நாட்களில்தான் அக்ரிலிக் சரியாகப் பிடிக்கும். புல்வெளியில் அப்படிப்பட்ட நாட்கள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் இறுதிக்குள்தான் கிடைக்கும். பிரைமர் என்ற அடிப்பூச்சை இரண்டு முறை பூசுங்கள். லிட்டருக்கு எட்டு சதுர மீட்டர் என்று வைத்தால் நம் சுவருக்குப் பதினொரு லிட்டர். நிறம் வாங்கும்போது டப்பாவின் அழகுப் பெயரைப் பார்க்காமல் நிறமியின் குறியீட்டைப் பாருங்கள். இரும்பு ஆக்சைடில் வரும் காவி, மஞ்சள் மண், செம்மண் நிறங்கள் பல பத்தாண்டுகள் நிற்கும். மலிவான பளிச் மஞ்சளும் ரோஜாச் சிவப்பும் முதலில் ஓடிவிடும். இந்தப் பொருளுக்கு அது ஒரு கொடை. குதிரை, தோல், மண், வைக்கோல் எல்லாமே காவியின் உறவுகள்தானே.

மேலிருந்து கீழே, தொலைவிலிருந்து அருகே வாருங்கள். வானத்தை முடித்துவிட்டு அடிவானம், பிறகு மண், பிறகு குதிரை. கறுப்புக் குதிரையைக் கறுப்பால் வரையாதீர்கள். வெயிலில் அதன் முதுகு நீலமாகவும் வயிறு செம்பழுப்பாகவும் இருக்கும். பூட்டின் பித்தளைக் குமிழில் வெள்ளைப் புள்ளி வைப்பதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குப் புல் கொடுங்கள். எத்தனை கை பட்டாலும் புல் புல்லாகவே இருக்கும், பிள்ளைகளும் தங்கள் புல் எது என்று வாழ்நாள் முழுக்கக் காட்டுவார்கள்.

ஒன்பதாம் படி: மேல்பூச்சும் பராமரிப்பும்

முழுதும் காய்ந்த பின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த பூச்சு ஒன்று போடுங்கள். ஓவியத்துக்கும் அந்தப் பூச்சுக்கும் நடுவே ஒரு இடைப்படலம் இருந்தால், பின்னாளில் மேல்பூச்சை மட்டும் கழற்றிப் புதுப்பிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு கழுவி, கீறல் இருந்தால் அன்றே மூடுங்கள். பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்தின் பெயரையும் குறியீட்டையும் ஒரு தாளில் பூசிக் காட்டி, நூலகத்தில் கொடுத்து வையுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பழுது பார்க்க வருகிறவர் உங்களைக் கேட்க முடியாமல் போகலாம்.

பத்தாம் படி: பெயர்ப்பலகை

பக்கத்தில் மாட்டும் பலகையில் நன்கொடையாளர்களின் பெயர்கள் மட்டும் நிறைந்திருப்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டேன். ஆண்டு, இடம், செய்யும் வேலை, நிலம் எந்த உடன்படிக்கைக்கு உட்பட்டது என்பதை முதல் வரிகளில் எழுதுங்கள். முதற்குடி மக்களின் மொழியிலும் வாசகம் வேண்டுமானால் அவர்களே எழுதித் தரட்டும். படத்தில் இருக்கும் மனிதர்களின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். பெண்ணின் பெயரைக் கணவர் பெயருக்குப் பின்னால் மறைக்காமல் அவளுடைய சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள். அதற்குக் கீழே குதிரைகளின் பெயர்கள். ஆல்பங்களில் அவையும் இருக்கும், பெரும்பாலும் படத்தின் பின்பக்கம் பென்சிலில், இடமிருந்து வலமாக.